வீரமாமுனிவரும் பாடல்பெற்ற தலங்களும்

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எனக்குக் கிடைத்த வீரமாமுனிவர் ஐந்து வரிகளில் அடங்கியவர். இத்தாலியில் பிறந்தார், தமிழகம் வந்தார், எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டை எழுத்தில் தெளிவாக்கினார், சதுரகராதி தொகுத்தார், தேம்பாவணி பாடினார். இவ்வைந்தையும் ஒப்பித்துத் தேர்வில் தேறினேன். பின்னர் முப்பதாண்டுக் காலம் அதே ஐந்தையும் என்னிடம் பயின்றோர்க்கு ஒப்புவித்தேன். தேம்பாவணியில் ஒரு படலத்தையேனும் முழுமையாகப் படித்ததுண்டா என்று எவரும் என்னைக் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

முனிவரைப் பற்றி நம்மிடையே வழங்கும் மதிப்பீடுகள் பெரும்பாலும் இரு திறத்தன. ஒரு சாரார், "அயல்நாட்டார் ஒருவர் இத்துணைத் தமிழ் கற்றாரே!" என வியப்பர். மற்றொரு சாரார், "அயல்நாட்டுக் கதைக்குத் தமிழ் உடை போர்த்தினார், கம்பரையும் திருத்தக்க தேவரையும் பின்பற்றினார், அவ்வளவே" என ஒதுக்குவர். வியப்போரும் ஒதுக்குவோரும் ஒன்றில் உடன்படுகின்றனர். இருவரும் பேசுவது அவருடைய பிறப்பைப் பற்றியே. அவருடைய பாட்டைப் பற்றியன்று. பாட்டைப் பற்றிப் பேச விழைவோர் அப்பாட்டு எந்த மண்ணில் நின்று பாடப்பெற்றது என்பதை முதலில் காணல் வேண்டும் என்பது என் துணிபு. அத்துணிபு எனக்கு நூலகத்தில் பிறக்கவில்லை. கேமரன் மலையின் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தது.

நான் முன்பு பணியாற்றிய தோட்டத்துப் பள்ளிக்கு மேலே, கொழுந்து மலையின் விளிம்பில், கருங்கல்லை அடுக்கிக் கட்டிய ஒரு மாதா கெபி உண்டு. தோட்டங்களில் மலைகளுக்கு எண்களே பெயர். அது பதினேழாம் நம்பர் மலை. ஆகவே அந்தத் தாய் "பதினேழாம் மலை மாதா". லயத்தில் வாழ்ந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் ஏழெட்டே. ஆயினும் விளக்கேற்றியோர் அவர்கள் மட்டுமல்லர். மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுத்த கையோடு மாதாவுக்கும் மெழுகுவத்தி கொளுத்தும் தாய்மார்களை நான் பலகாலும் கண்டிருக்கிறேன். அங்கே ஒரு மூதாட்டி மாலை வேளைகளில் தனியே அமர்ந்து பாடுவார். எழுதப் படிக்க அறியாதவர். அவர் பாடியது ஆலயத்தில் கேட்கும் ஞானப்பாட்டன்று. தாலாட்டு மெட்டில் தாமே கட்டிய பாட்டு. அதில் மாதா முதுகில் கூடை சுமந்து பனியில் மலையேறுகிறாள். குழந்தை ஆயக்கொட்டகையில் அழுகிறது. சூசையப்பர் லயத்து வீடுகளுக்குக் கதவு செய்கிறார். ஒரு நாள் நின்று கேட்ட நான், "பாட்டி, மாதா எப்போது கொழுந்து எடுத்தாள்?" என்று நகைத்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வேற என்ன வேலை இருக்கு வாத்தியாரே இந்த மலையில?" என்றார்.

அவ்விடை என்னை நெடுநாள் உறுத்திற்று. யூதேயா நாட்டில் நெல்லும் கரும்பும் தாமரையும் பாடிய முனிவரைப் பற்றி, "நாட்டு வருணனையில் மிகை உண்டு" என்று குறிப்பெழுதித் தந்தவன் நான். அம்மூதாட்டி செய்ததும் முனிவர் செய்ததும் ஒன்றோ என்ற ஐயம் எழுந்தபின், தேம்பாவணியைக் கையில் எடுத்தேன். எடுத்தபின், அது பிறந்த ஊர்களைக் காணாமல் இருக்க இயலவில்லை. ஒரு நீண்ட பள்ளி விடுமுறையில் தமிழகம் சென்றேன்.

முதலில் கோணான்குப்பம். கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலத்தை அடுத்த முகாசாபரூர்ப் பகுதியில் உள்ள சிற்றூர். சுற்றிலும் மழையை நம்பிய நிலம். ஆலயத்தில் எழுந்தருளியிருக்கும் தாய்க்குப் பெரியநாயகி என்பது திருப்பெயர். புடவை உடுத்து, கையில் மகவேந்தி, தமிழ்ப் பெண்ணாகவே நிற்கிறாள். தமிழ்ப் பெண்ணின் கோலத்தை வரைந்தனுப்பி மணிலாவில் முனிவர் செய்வித்த உருவம் என்று மரபு கூறும். முனிவர் கொணர்ந்த திருவுருவம் காட்டில் மறைந்ததாகவும், பின் வெளிப்பட்டதாகவும், முகாசாபரூர்க் கச்சிராயர் மகப்பேறு பெற்று ஆலயம் எழுப்பத் துணைநின்றதாகவும் தலவரலாறு விரிகிறது.

ஆலயத்தினும் என்னை நிறுத்தியது அப்பெயர். விருத்தாசலம் என இன்று வழங்கும் திருமுதுகுன்றத்துப் பழமலைநாதர் கோயிலில் அம்மைக்கு என்ன பெயர்? விருத்தாம்பிகை; தமிழில் பெரியநாயகி. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம் அது. இறைவன் அளித்த பொன்னைச் சுந்தரர் அங்கே மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது நாம் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை. அத்தகைய ஊரின் நிழலில், அந்த அம்மையின் பெயரையே கன்னி மரிக்குச் சூட்டியது தற்செயல் என்று நான் கருதவில்லை. சைவக் குடியில் பிறந்த எனக்கு அங்கே சற்று நெருடலும் தோன்றிற்று என்பதை மறைத்தல் தகாது. நம் அம்மையின் பெயரை எடுத்துக்கொண்டாரே என்ற நெருடல் அது. சிறிது நேரம் திண்ணையில் அமர்ந்திருந்தபோது, பெயரை எடுத்துக்கொண்டவர் அப்பெயரின் பெருமையை ஒப்புக்கொண்டவரும் ஆவார் என்று தோன்றியது. நெருடல் முழுதும் நீங்கிற்று எனச் சொல்லேன்.

அடுத்து ஏலாக்குறிச்சி. அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்திற்கு வடக்கே உள்ளது. முனிவரின் வாழ்வில் நடுநாயகமான ஊர் இதுவே. அடைக்கல அன்னையின் ஆலயம் இங்கே உள்ளது. இவ்வூருக்கு அவர் இட்ட பெயர் திருக்காவலூர். திருக்காவலூர்க் கலம்பகம், அடைக்கல நாயகி வெண்கலிப்பா, அடைக்கல மாலை, அன்னை அழுங்கல் அந்தாதி, கித்தேரியம்மாள் அம்மானை என அவர் பாடிய சிற்றிலக்கியங்களுள் பல இவ்வூரையும் இவ்வூர்த் தாயையும் சூழ்ந்தே நிற்கின்றன. நம் பாடநூல்கள் இவற்றை ஒரு பட்டியலாக்கித் தேம்பாவணிக்குப் பின்னே ஒரு வரியில் தள்ளிவிடும். அது பெரும் பிழை என்பதை அவ்வூரில் நின்றபோதே உணர்ந்தேன்.

ஏலாக்குறிச்சிக்கு மேற்கே, அதே கொள்ளிடக் கரையில், திருமழபாடி உள்ளது. மூவர் பாடலும் பெற்ற தலம். சுந்தரர் அவ்வழியே செல்லும்போது, மழபாடிக்கு வருவதை மறந்தாயோ என்று இறைவன் கனவில் வினவியதாகப் பெரியபுராணம் கூறும். இக்கதையின் நுட்பத்தை எண்ணிப் பாருங்கள். கோயில் இருக்கிறது, மூர்த்தி இருக்கிறார், ஆறும் இருக்கிறது. ஆயினும் பாட்டு வேண்டியிருக்கிறது. பாடுவோனை இறைவனே அழைத்துக் கேட்டு வாங்குகிறான். தமிழ் மரபில் ஓர் ஊர் திருவூர் ஆவது அதன் கோபுரத்தாலன்று, பதிகத்தாலே. "பாடல் பெற்ற தலம்" என்ற தொடரை நாம் நாள்தோறும் வழங்குகிறோம். வழங்கி வழங்கி அதன் பொருளை மறந்துவிட்டோம். கொள்ளிடத்தின் இரு கரையிலும் பாடல்பெற்ற ஊர்கள் நெருங்கிக் கிடக்கும் ஒரு நிலப்பகுதியில், பாட்டில்லாத ஊரொன்றில் குடியேறிய துறவி அதை மறக்கவில்லை. தம் தாய்க்கு ஆலயம் எழுப்பியதோடு அமையாமல், ஊருக்குப் பெயரிட்டு, அப்பெயரைப் பாட்டில் ஏற்றி, அதனைப் பாடல்பெற்ற தலமாக்கினார்.

அவர் எத்தகைய ஊரிலிருந்து வந்தார் என்பதை அறிந்தால் இச்செயலின் அருமை விளங்கும். கொன்ஸ்தான்சோ ஜுசெப்பே பெஸ்கி 1680ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள், வட இத்தாலியின் மாந்துவா பகுதியில், காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்தவர். அது புனித அலோய்சியு கொன்சாகா 1568இல் பிறந்த ஊர். அப்புனிதரின் தலையோடு அங்குள்ள பேராலயத்தில் திருப்பண்டமாகப் போற்றப்படுகிறது. மாந்துவா நகரில் கட்டடக் கலைஞர் ஆல்பெர்த்தியின் வரைவில் எழுந்த புனித அந்திரேயா ஆலயம் உள்ளது. அதன் பெருமை, கிறிஸ்துவின் குருதி தோய்ந்த மண் அங்கே காக்கப்படுகிறது என்ற நம்பிக்கையிலே நிற்கிறது. நகருக்கு வெளியே ஏரிக்கரையில் அருள் அன்னை திருத்தலம் உள்ளது. கொள்ளைநோய் நீங்கியதற்கு நன்றியாக 1399இல் கொன்சாகா குலத்தவர் கட்டத் தொடங்கியது. அதன் உட்சுவர்களில் நேர்ந்துகொண்டு உயிர் தப்பியோரின் உருவப் பொம்மைகள் மாடங்களில் வரிசையாக நிற்கின்றன. மேலே கூரையிலிருந்து பதப்படுத்திய முதலை ஒன்று தொங்குகிறது! நம் ஐயனார் கோயிலில் நேர்ந்துவிட்ட மண்குதிரைகளைக் கண்டு இகழ்ந்த வெள்ளைத் துரைமார்கள் அம்முதலையைக் கண்டிருப்பின் என்ன கூறியிருப்பரோ, அறியேன்.

இத்தலங்களை நான் நேரில் கண்டதில்லை, நூல்வழி அறிந்தவையே. ஆயினும் ஒன்று தெளிவு. அந்நாட்டில் ஓர் இடம் புனிதம் பெறுவது திருப்பண்டத்தால், அல்லது நேர்ச்சையால், அல்லது திருச்சபையின் ஆணையால். எலும்பும், குருதியும், முத்திரையிட்ட ஓலையும் வேண்டும். ஏலாக்குறிச்சியில் இவற்றுள் ஒன்றும் இல்லை. முனிவர் பிறந்த ஊரிலிருந்து ஒரு துண்டு எலும்பைக் கொணர்ந்து வைத்திருந்தால், அவர் நாட்டு முறைக்கு அது போதும். அவர் அதை நம்பி நில்லாமல், தமிழ் முறையை மேற்கொண்டார். கலம்பகம் பாடினார்.

கலம்பகத்தைத் தேர்ந்ததும் கருதத்தக்கது. பாவும் பாவினமும் கலந்து, அம்மானை, ஊசல், தூது, மறம், குறம், களி, கைக்கிளை எனப் பதினெட்டு உறுப்புகள் விரவி வருவது அவ்வடிவம். தேவர்க்கு நூறு பாடல் என்பது பாட்டியல் விதி. காதல் துறைகளும் கள்ளுண்டாட்டும் இடம்பெறும் ஒரு வடிவத்தை, மணமறியாத் துறவி ஒருவர் கன்னித் தாய்க்கு உரியதாக்க முற்படுவது எளிதன்று. சிக்கலற்ற வடிவங்கள் அவர் முன் இருந்தன. அவர் கடினமானதை ஏற்றதற்குக் காரணம், கலம்பகம் ஊர்ப்பெயரோடும் தலைவனோடும் ஒட்டி நிற்கும் வடிவம் என்பதே எனக் கருதுகிறேன். அரங்கத்துக்கு ஒரு கலம்பகம் உண்டு; மதுரைக்கு ஒன்று உண்டு; காசிக்கும் உண்டு. அவ்வரிசையில் காவலூரும் நின்றது. திருவெளிப்பாட்டு நூலில் வரும் பெண்ணுருவம், கதிரவனை ஆடையாக்கி, நிலவை அடிக்கீழ் இட்டு, பன்னிரு விண்மீனை முடியாகச் சூடிய அவ்வுருவம், அவர் பாடல்களில் மீள மீள வருகிறது. பாதாதிகேச வருணனையில் பழகிய தமிழ்ச் செவிக்கு அது அயலாகத் தோன்றுவதே இல்லை.

புலவர்க்குக் கலம்பகம் தந்தவர் பாமரர்க்கு அம்மானை தந்தார். கித்தேரி என்னும் கன்னியின் கதை ஐரோப்பாவின் மேலைக் கரையில் வழங்கியது. அதைப் பெண்கள் கூடி இசைத்துக் கேட்கும் அம்மானை நடையில் அமைத்தார். ஒரே கையால் இரண்டையும் எழுதியவரை நம் மரபில் எளிதில் காணமுடியாது.

அவர்மேல் எழுந்த கதைகளும் தமிழ்க் கதைகளே. அரியலூர் மழவராயருக்கு வந்த இராசபிளவையை முனிவர் அன்னையை வேண்டிக் குணப்படுத்தினார் என்றும், அதற்கு நன்றியாக மழவராயர் நிலம் வழங்கினார் என்றும் ஏலாக்குறிச்சி மரபு உரைக்கும். கூன்பாண்டியனின் வெப்புநோய் தீர்த்த சம்பந்தரை இங்கே நினையாதார் யார்? சந்தா சாகிபிடம் திவானாக இருந்தார், பல்லக்கேறி ஆடம்பரமாகச் சென்றார் என்பன போன்ற செய்திகள் 1822இல் முத்துசாமிப் பிள்ளை எழுதிய வரலாற்றில் இடம்பெற்றுப் பரவின. பிற்கால ஆய்வாளர் பலர் இவற்றை ஐயத்துடனே நோக்குவர். ஆசிரியர்கள் இவற்றை வரலாறாகக் கற்பித்தல் கூடாது. ஆயினும் தள்ளிவிடவும் வேண்டா. தலபுராணம் பெறாத ஊரை நம் மக்கள் திருத்தலமாக ஏற்பதில்லை என்பதற்கு இவை சான்று.

இனித் தேம்பாவணிக்கு வருவோம். மூன்று காண்டம், முப்பத்தாறு படலம், 3615 பாடல். 1726இல் நிறைவுற்ற நூல். தலைவன் வளன் எனப்படும் சூசையப்பர். வாடாத மாலை என்றும், தேன் போன்ற பாக்களாலாகிய அணி என்றும் பெயருக்கு இருபொருள் காண்பர். தொடக்கம் நாட்டுப் படலம். அடுத்து நகரப் படலம். முகில் கடலில் நீருண்டு மலைமேல் ஏறுகிறது, மழை பொழிகிறது, வெள்ளம் மருதத்தில் பாய்ந்து வயலை நிறைக்கிறது. நாடோ யூதேயா. "அந்நாட்டில் இவ்வளவு தண்ணீர் ஏது?" என்று வினவும் மாணவன் கூரியவன்தான். நானும் அவ்வாறே வினவினேன்.

ஆயின் உமறுப் புலவரின் சீறாப்புராணத்தை எடுத்துப் பாருங்கள். பாலைவன அரபு நாட்டில் தமிழ் மருதம் செழிக்கிறது. கம்பரின் கோசலத்தில் காவிரி ஓடுகிறது என்று நாமே பெருமையோடு சொல்கிறோம். கம்பருக்குப் பெருமையாவது முனிவருக்கு மட்டும் குறையாவது எங்ஙனம்? நாட்டுப் படலம் நில நூற்பாடம் அன்று. கதையைத் தமிழ் மண்ணில் இறக்கிவைக்கக் கேட்கும் இசைவு அது. கதைத் தலைவன் எங்கே பிறந்தவனாயினும், கேட்போர் அறிந்த வயலில் முதலில் நடந்து வரல் வேண்டும். "வேற என்ன வேலை இருக்கு இந்த மலையில?" என்று அம்மூதாட்டி கேட்டது இந்த இலக்கணத்தைத்தான். நான் இலக்கணம் கற்றவன்; அவர் அதை அறிந்தவர்.

நூலின் உயிர்நிலை எனக்குத் தோன்றுவது முதற்காண்டத்தில் ஐயந்தோற்று படலமும் ஐயநீங்கு படலமும். மணம் பேசிய மரி கருவுற்றதை அறிந்த சூசை, நீதிமானாதலின் அவளை இகழ்ச்சிக்கு உள்ளாக்க விரும்பாது மறைவாக விலக எண்ணினான் என விவிலியம் ஓரிரு வரிகளில் கூறிச் செல்கிறது. பின் கனவில் வானவன் தோன்றுகிறான், ஐயம் தீர்கிறது. முனிவர் அச்சிறு இடைவெளியில் நின்று, ஒரு படலத்தையே விரித்தார். கண்டதை நம்புவதா, அறிந்தவளை நம்புவதா என்று ஒரு நல்லவன் இரவெல்லாம் தன்னோடு தானே போராடுவதே அங்கு நிகழ்ச்சி. தமிழில் கற்பின்மேல் ஐயம் என்றவுடன் நம் நெஞ்சில் எழுவது கம்பரின் மீட்சிப் படலம். அங்கே இராமன் ஊரறியச் சுடுசொல் கூறுகிறான், சீதை தீப்புகுகிறாள். இங்கே வளன் ஒரு சொல்லும் வெளியிடான். தீ அவன் நெஞ்சுக்குள் எரிகிறது. வெந்தவன் அவனே. கம்பரைப் பின்பற்றியவர் என முனிவரை ஒதுக்குவோர் இவ்விரு இடங்களையும் அருகருகே வைத்துப் படித்தல் வேண்டும். கம்பரின் மொழியைக் கற்று, கம்பர் நாயகனிடம் காணாத ஒரு பொறுமையைப் பாடியவரைப் போலிசெய்தார் என்பது பொருந்தாது.

இவ்வளவு கூறிய நான் குறைகளைக் கூறாது விடின் அது திறனாய்வாகாது. ஐயநீங்கு படலத்துக்குப் பின் வளன் நம் கண்முன் மங்கிவிடுகிறான். எசித்து நாட்டை நோக்கிச் செல்லும் வழியில் மோசே, யோசுவா முதலியோர் வரலாறுகள் கிளைக்கதைகளாய் விரிகின்றன. காவியத் தலைவன் கதை கேட்போன் ஆகிறான். அக்கதைகளில் சில தம்மளவில் சிறந்தவையே. எனினும் மாலையில் மலரினும் நார் மிகுந்தால் என் செய்வது? சந்தத்திலும் மடக்கிலும் புலமை காட்டும் இடங்களில் பக்தி மூச்சுத் திணறுகிறது. எல்லாவற்றினும், மூன்றாம் காண்டத்தில் பிற சமயக் கொள்கைகளை மறுத்துரைக்கும் பகுதிகள் எனக்கு உவப்பாயில்லை. சமயத்தார் ஒருவரையொருவர் மறுத்தல் மணிமேகலைக் காலந்தொட்டு நம் இலக்கியத்தில் உள்ளதே எனலாம்; உண்மையே. ஆயினும் பெரியநாயகி என்னும் பெயரைத் திருமுதுகுன்றத்தின் நிழலில் வாங்கிய கை, அத்திருமுதுகுன்றத்தாரின் வழிபாட்டைப் பழிக்கும்போது, படிப்பவன் நெஞ்சு நோகிறது. இதை மாணவரிடம் மறைக்கவும் கூடாது. இதைக் காட்டி நூலையே விலக்கவும் கூடாது. வகுப்பில் இப்பகுதியை எங்ஙனம் நடத்துவது என்பது எனக்கு இன்றும் எளிதாக இல்லை.

மாந்துவாவில் பிறந்த இன்னொரு பெரும் புலவரைப் பற்றி ஒரு சொல். கி.மு. 70இல் அந்நகரை அடுத்துப் பிறந்தவர் வர்ஜில். எரியும் நகரிலிருந்து குலதெய்வங்களின் திருவுருவங்களை எடுத்துக்கொண்டு கடல்கடந்து புதுமண் தேடிய ஒருவனின் கதையே அவர் பாடிய காவியம். இயேசு சபைப் பள்ளிகளில் வர்ஜிலைப் பயிலாமல் எவரும் தேறியதில்லை. 1710இல் கோவாவில் வந்திறங்கிய இளந்துறவியின் நெஞ்சில் அக்காவியம் இருந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. நமக்கும் அக்கதை புதிதன்று. ஊர்க்கோயிலின் பிடிமண்ணை முந்தானையில் முடிந்துகொண்டு கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம்.

அவ்வாறு கொணர்ந்த பிடிமண்ணால் எழுந்த கோயில்கள் இந்நாட்டில் எத்தனை! பாகான் செராயில் பிரெஞ்சுக் குரு ஃபே தமிழ்க் கத்தோலிக்கர்க்கென ஒரு குடியிருப்பையே ஏற்படுத்தினார். அங்குள்ள ஆலயம் நம் வளனின் பெயரால் வழங்குவது. புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னம்மாள் திருவிழா ஒவ்வோராண்டும் சூலைத் திங்கள் 26ஆம் நாளை ஒட்டி நிகழ்கையில், தமிழரும் சீனரும் யூரேசியரும் ஒரே பாதையில் மெழுகுவத்தி ஏந்திச் செல்வர். கூட்டம் பெரிது, ஆலயம் பெரிது. ஆயினும் அத்தலத்தின்மேல் ஒரு கலம்பகமோ அந்தாதியோ தமிழில் என் கைக்கு இதுவரை எட்டவில்லை. நம் முருகன் தலங்களுக்கும் மாரியம்மன் தலங்களுக்கும் பெரும்பாலும் இதே நிலை. தோட்டம் விற்கப்படும்போது கோயில் பெயர்க்கப்படுகிறது. புதிய வீடமைப்புத் திட்டத்தின் வரைபடத்தில் அதற்கு இடமில்லை. பத்தாண்டு கழித்து அங்கே கோயில் இருந்தது என்பதற்கு முதியோர் வாய்ச்சொல் தவிர வேறில்லை. ஏலாக்குறிச்சி ஆலயக் கட்டடத்தில் காலந்தோறும் பணிகள் பல நடந்துள்ளன. திருக்காவலூர் என்ற பெயர் மட்டும் பாட்டுக்குள் நின்றபடியே நிற்கிறது.

பதினேழாம் மலையில் இன்று கொழுந்தெடுப்போரில் தமிழர் சிலரே. நேப்பாளத்தாரும் வங்காளதேசத்தாரும் இயந்திரக் கத்தியால் அறுத்துப் பையில் நிரப்புகின்றனர். லயங்களில் பாதி பூட்டிக் கிடக்கின்றன. கெபிக்கு எவரோ நீலச்சாயம் பூசியிருக்கிறார்கள்.

தமிழகத்திலிருந்து திரும்பிய கிழமையே, ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு அத்தோட்டத்திற்குச் சென்றேன். மூதாட்டி அதற்கு முந்திய ஆண்டே மறைந்திருந்தார். அவர் வாய்ப்பாட்டில் எனக்கு நினைவிருந்தவை கூடையும், ஆயக்கொட்டகையும், கதவு செய்யும் சூசையப்பரும் மட்டுமே, சொற்கள் இல்லை. ஈப்போவில் வாழும் அவர் மகளின் தொலைபேசி எண்ணை அண்டை வீட்டார் தந்தனர். அழைத்தேன். "அம்மா நிறையப் பாடுவாங்க, வாத்தியாரே. எனக்கு ராகம் மட்டுந்தான் வருது," என்றார். பாடிக் காட்டுமாறு வேண்டினேன். சொல்லில்லாமல், தொண்டைக்குள்ளேயே, நான்கு அடிக்குரிய அளவு இசைத்தார். அம்மெட்டைக் கேட்டுக்கொண்டே குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் "பதினேழாம் மலை மாதா தாலாட்டு" என்று தலைப்பெழுதினேன். அப்பக்கத்தில் இன்றும் அவ்வளவே உள்ளது.